சீப்புக்குள் இருக்கும் பெரியம்மா

போன வாரம் தாராவின் பாலர் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வந்தது. வீட்டில் உயிரில்லாமல் கிடக்கும் கைப்பேசி, கீபோர்டு, ரிமோட் ஏதாவது இருந்தால் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தார்கள். வகுப்பின் ஒரு மூலையில் பிள்ளைகள் விளையாட ஆபீஸ் ஒன்று வைக்கப்போகிறார்களாம். நானும் என் கணவர் நிகிலும் புனேயின் விமான் நகரில் ஆளுக்கொரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர்கள். இந்த மாதிரிப் பிணங்களுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே கிடையாது. மேஜை டிராயரைக் குடைந்து, எப்போதோ கண்ணை மூடிவிட்ட என் பழைய கைப்பேசியைக் கண்டெடுத்து, துடைத்து, நான்கு வயது மகளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "யே கராப் ஹை, மம்மா" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கெட்டுப்போனதாம். பிறகு கண்ணாடிக்கு முன்னால் கிடந்த சீப்பை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, பால்கனிப் பக்கம் நடந்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"ஹலோ பெரியம்மா, நல்லாருக்கியளா? என்ன செய்யுதிய?"

நிஜமான கைப்பேசி கெட்டுப்போனது, சீப்பு வேலை செய்கிறது. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று சோதித்துச் சொல்வதுதான் ஆபீசில் என் பிழைப்பு. அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். இந்த விஷயத்தில் மட்டும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அவள் பேசியதைக் கவனித்திருப்பீர்கள். என்னிடம் பேசியது இந்தி. சீப்பிடம் பேசியது அசல் திருநெல்வேலித் தமிழ். புனேயைத் தாண்டி எங்கும் போகாத பிள்ளை அவள். நிகில் மராட்டிக்காரர். இந்த ஊரிலேயே வளர்ந்தும் எனக்கு அவருடைய மராட்டியில் பாதிதான் புரியும், அவருக்கு என் தமிழில் 'சாப்பாடு' மட்டும் புரியும். ஆகவே வீட்டில் இந்தி, அவசரத்துக்கு ஆங்கிலம். பகலில் தாராவைப் பார்த்துக்கொள்ளும் கல்பனா தாயியுடன் மராட்டி. இதில் தமிழ் எங்கே என்று கேட்கிறீர்களா? பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்காவுடன் நான் தினமும் சாயங்காலம் ஃபோனில் பேசுகிறேனே, அங்கே இருக்கிறது. பேசி முடிக்கிற சமயத்தில் தாரா பிடுங்கிக்கொள்வாள். நான் பேசியதையெல்லாம் அவளும் ஒரு தடவை பேசுவாள்.

அவள் விளையாட்டுகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும். ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து குளியலறைக் கதவைத் தட்டுவாள். "ஓடிபி?" என்பாள். வாய்க்கு வந்த நான்கு எண்களைச் சொன்னால், உதட்டைப் பிதுக்கி, "ராங்" என்று சொல்லிவிட்டுத் தலையணையோடு திரும்பிப் போய்விடுவாள். பிஸ்கட் டின்னின் மூடியைத் திறந்து வைத்தால் அது லேப்டாப். அதன் முன்னால் உட்கார்ந்து முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வாள். பக்கத்தில் பொம்மை அழும். திரும்பிப் பார்க்காமலே பொம்மையை நோக்கி ஒரு விரலை உயர்த்துவாள். ஒரு நிமிஷம் பொறு என்று அர்த்தம். அந்த விரலை எனக்குத் தெரியும். அது என்னுடையது.

பள்ளியில் மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். "கருவியை மட்டும் கத்துக்கறதில்லை, அதை வச்சு நாம என்ன பண்றோம்னு கத்துக்கறாங்க. ரொம்ப நல்லது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நல்லதுதானா என்று இன்னொரு தடவை கேட்கத் தோன்றியது. பின்னால் வரிசையில் நான்கு அம்மாக்கள் நின்றதால் கேட்கவில்லை.

அந்தச் சீப்பை முகர்ந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய் வாசம் வரும். எங்கள் ஃபோனில் பார் சோப்பு வாசம் வரும். நான் சொல்வது இதே புனேயில், விஷ்ராந்த்வாடி அரசாங்கக் குவார்ட்டர்சில், துணி துவைக்கும் பிரஷ்ஷை ஃபோனாக்கி நானும் அக்காவும் விளையாடிய காலம். அப்பாவுக்கு ராணுவக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா வேலை. வீட்டில் ஃபோன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு ஆளந்தி ரோட்டில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போவோம். கண்ணாடிக் கூண்டுக்குள் அப்பாவோடு அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நுழைவோம். அந்த ரிசீவரில் ஊரார் வாயெல்லாம் மணக்கும்: பான், பவுடர், யாரோ தின்ற வடாபாவின் பூண்டு. தலைக்கு மேலே ஒரு மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடும். அப்பா ஊரில் இருந்த சித்தப்பாவிடம் கத்துவார். திருநெல்வேலி அத்தனை தூரத்தில் இருக்கிறதே, கத்தாமல் எப்படிக் கேட்கும் என்று நாங்களும் நினைத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அதே நாடகம். இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துதான் பூத். அக்காதான் எப்போதும் அப்பா. "ஹலோ! கேக்குதா? நாந்தான் பேசுதேன்!" என்று பிரஷ்ஷில் கத்துவாள். நான் சின்னவள், எனக்கு என்ன வேஷம் கிடைக்கும்? நான் மீட்டர். பீரோவின் காலடியில் குத்த வைத்து, 'டிக், டிக், டிக்' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அக்கா சேதி சொல்லத் திணறினால் வேகத்தைக் கூட்டுவேன். அந்த ஒரு அதிகாரம்தான் எனக்கு இருந்தது, அதை விடாமல் செலுத்தினேன்.

அந்த விளையாட்டில் நாங்கள் என்னதான் கற்றுக்கொண்டோம் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அக்கா முக்கியமான சேதியை முதலில் சொல்லக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் அப்படித்தான். "காந்திமதி மாமி தவறிட்டாவ" என்று சொல்லிவிட்டுத்தான் ஹலோ சொல்வாள். எனக்கு யாராவது ஃபோனில் இழுத்து இழுத்துப் பேசினால் உள்ளே டிக் டிக் என்று கேட்கிறது. இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். அம்மா டைபாய்டில் படுத்துக் கிடந்தபோது, அப்பா பூத்தில் நின்று, "இங்க எல்லாரும் நல்லாருக்கோம்" என்று கத்தினார். வீட்டுக்கு வந்து அக்காவும் பிரஷ்ஷில் அதையே கத்தினாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. ஃபோனில் அப்படித்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எந்த மிஸ்ஸாவது அன்றைக்கு எங்களைப் பார்த்திருந்தால் ரொம்ப நல்லது என்று சொல்லியிருப்பாரோ என்னவோ.

கற்பனை ஃபோன் பேச நான் இன்றைக்கும் கட்டைவிரலைக் காதிலும் சுண்டுவிரலை வாயிலும் வைப்பேன். ஒருநாள் தாராவுக்கு அப்படிச் செய்து காட்டினேன். மாட்டுக் கொம்பா என்று கேட்டாள்.

இந்தக் கோடை விடுமுறையில் அக்கா முதன்முறையாகத் தாராவைப் பார்க்க வந்தாள். பள்ளிக்கூட டீச்சர், அவளுக்கும் மே மாதத்தில்தான் விடிவு. அதுவரை பெரியம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. வீடியோவில் பேசு என்றால், "அதுல என் மூஞ்சி கோணலாத் தெரியுதுட்டி" என்று அக்கா மறுத்துவிடுவாள். குரல் மட்டும்தான். அந்தக் குரலுக்குத் தாரா பதில் சொல்லும் அழகில் அக்கா மயங்கிக் கிடந்தாள். "நீ கூட இப்பிடிப் பேச மாட்ட. எங்கிட்ட வந்தா வாய மூட மாட்டா பாரு" என்று கிளம்பும் முன்பே பெருமை பேசினாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் பயந்துபோயிருந்தேன். தாரா எப்படியாவது ஒரு வார்த்தை தமிழில் பேசிவிட வேண்டுமே என்று இருந்தது.

அக்கா வந்து இறங்கினாள். சுக்கு மணக்கும் சில்லுக்கருப்பட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி, "வா பிள்ள, பெரியம்மாட்ட வா" என்றாள். தாரா என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அக்கா மறுபடி கூப்பிட்டாள். தாரா என்னிடம் கிசுகிசுப்பாக, "யே ஆன்ட்டி கோன் ஹை?" என்றாள். யார் இந்த ஆன்ட்டி? அக்காவுக்கு அந்த அளவு இந்தி தெரியும். விஷ்ராந்த்வாடியில் வளர்ந்தவள்தானே. கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னட்டி இது? என்னப் பிடிக்கலயோ?"

"அதெல்லாம் இல்லக்கா. புது ஆளுன்னா இப்பிடித்தான்" என்றேன். எனக்கே அது சப்பென்று இருந்தது. தாரா அதற்குள் நழுவிப் படுக்கையறைக்குப் போய்விட்டாள். அக்கா பொட்டலத்தின் நூலைப் பிரிப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். எனக்கு அழுகை வந்தது, யாருக்காக என்று தெரியவில்லை.

அப்போதுதான் படுக்கையறைத் திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "ஹலோ பெரியம்மா, நல்லாருக்கியளா?"

அக்கா அனிச்சையாகத் தன் கைப்பையைத் திறந்து ஃபோனைப் பார்த்தாள். அது இருண்டு கிடந்தது. என்னைப் பார்த்தாள். எட்டிப் பாரேன் என்று ஜாடை காட்டினேன். திரையின் இடுக்கில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாரா நின்றிருந்தாள். காதில் சீப்பு. பெரியம்மாவின் பதிலுக்குக் காத்திருந்தாள்.

அக்கா டீச்சர், பிள்ளைகளிடம் தோற்றுப் பழக்கப்பட்டவள். சட்டென்று மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துக் காதில் வைத்தாள். "ஹலோ! கேக்குதா? நாந்தான் பேசுதேன்!" என்று அப்பாவின் குரலில் கத்தினாள். இத்தனை வருஷம் கழித்தும் அதே கத்தல். நான் என்ன செய்தேன் என்று நம்ப மாட்டீர்கள். சோபாவின் காலடியில் உட்கார்ந்து 'டிக், டிக், டிக்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அக்கா என்னை முட்டியால் இடித்தாள்.

"பெரியம்மா, எங்க வீட்டுக்கு எப்ப வருவிய?" என்றாள் தாரா.

அக்கா கூட்டைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். தாராவே தொடர்ந்தாள். "இங்க ஒரு ஆன்ட்டி வந்திருக்காவ. ஒங்கள மாதிரியே பேசுதாவ."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அப்பிடியா? அப்ப அந்த ஆன்ட்டிட்ட கருப்பட்டி இருக்கும், போயி வாங்கித் தின்னு. நான் வச்சிரட்டுமா?"

"சரி, வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத் தாரா சீப்பை இறக்கினாள். வெளியே வந்து, அக்காவின் முன்னால் நின்று, கையை நீட்டி இந்தியில் கருப்பட்டி கேட்டாள்.

அக்கா ஒரு வாரம் இருந்தாள். தாரா அவள் மடியிலேயே தூங்கினாள், அவள் கையால் சாப்பிட்டாள். ஆனால் எதிரில் இருந்தவள் கடைசிவரை ஆன்ட்டிதான். தமிழ் முழுக்கச் சீப்புக்குள் இருந்த பெரியம்மாவுக்கு. அக்காவைக் கேட்டால், "பேசுதாள்ல? அது போதும்" என்கிறாள். போதுமா? பிள்ளை புத்திசாலி, யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஒரு மொழியைப் பிடித்துக்கொண்டாள் என்று ஒருநாள் பூரிக்கிறேன். தமிழ் என்றால் தூரத்தில் இருக்கிறவர்களோடு பேசுவது என்றும் சேர்த்துப் படித்துக்கொண்டாளே என்று மறுநாள் கவலைப்படுகிறேன். இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. அதுதான் கஷ்டம்.

சரி, பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய சமாசாரத்துக்கு வருகிறேன். கெட்டுப்போன கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் அல்லவா? என்னவோ ஒரு வேகம் வந்தது. பால்கனியிலிருந்து திரும்பி வந்தவளிடம் நேராக, "தாரா, ஒன் ஸ்கூல் பைய எடுத்துட்டு வா" என்று தமிழில் சொன்னேன்.

அவள் நின்றாள். என் இரண்டு கையையும் பார்த்தாள். பழைய கைப்பேசி இருந்தது, ஆனால் அதுதான் கெட்டுப்போனதாயிற்றே. என்னைக் குனியச் சொல்லி, முடியை ஒதுக்கி, இந்தக் காதைப் பார்த்தாள், அந்தக் காதையும் பார்த்தாள். இயர்ஃபோன் ஏதும் இல்லை. "மம்மா, கிஸ்ஸே பாத் கர் ரஹீ ஹோ?" என்றாள். யாரிடம் பேசுகிறாய்?

விஷ்ராந்த்வாடி வீட்டில் அம்மா அடுக்களையிலிருந்து, "ஏ பிள்ளைகளா" என்று சும்மா ஒரு குரல் கொடுப்பாள். பீரோ சந்திலிருந்து இரண்டு பேரும் எழுந்து ஓடுவோம். யாரைக் கூப்பிடுகிறாள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. அந்தக் குவார்ட்டர்சை இடித்துவிட்டார்கள். பூத் இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எதிரில் நின்று என்னைத் தமிழில் கூப்பிட இந்த ஊரில் இப்போது யாரும் இல்லை.

"உன்கிட்டதான்" என்றேன். தாரா தன் கையிலிருந்த சீப்பைப் பார்த்தாள். பிறகு, பாவம் அம்மாவுக்குத் தெரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, சீப்பை என் காதில் வைத்து என் கையை எடுத்து அதன்மேல் அழுத்தினாள். தன் உள்ளங்கையைத் தன் காதில் வைத்துக்கொண்டு, அறையின் மறுகோடிக்குப் போய் நின்று காத்திருந்தாள்.

 "ஹலோ, கேக்குதா? இங்க எல்லாரும் நல்லாருக்கோம்" என்றேன்.