தாடையில் தட்டுப்பட்டது

வாழைக்குலை வெட்டிக் கயர் படிந்து கறுத்த உள்ளங்கை ஐயாவுடையது. நீர்வேலியில் எங்கள் கிணற்றடியில், காலையில் அந்தக் கையை என் இடது கன்னத்தின் கீழே ஏந்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் எனக்கு முகம் கழுவிவிடுவார். அப்போது எனக்குப் பதினொரு வயது. தாடையில் கட்டி வந்து, இடதுபக்க எலும்பை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் பிடிக்க ஒன்றுமில்லை. தோல் மட்டும் தொய்ந்து கிடந்தது. இடுப்பெலும்பில் துண்டெடுத்து வைக்கலாம், அதற்குக் கொழும்புக்குப் போகவேண்டும் என்றார் டொக்டர். சண்டையில் பாதை பூட்டியிருந்த காலம். அம்மா இல்லாத வீட்டில் ஐயாதான் வாழைப்பழத்தை மசித்துக் கரண்டியால் தருவார். பள்ளிக்கூடத்தில் வாயைக் கையால் மூடிக்கொண்டு கடைசி வாங்கில் இருப்பேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஒருநாள் பழத்தை விழுங்கும்போது நாக்கு அந்த வெறும் பக்கத்தில் எதிலோ இடித்தது. கல்லைப்போல. கட்டி திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். வேறு எதை நினைப்பது? வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா கட்டி திரும்பியதால்தான் வந்திருந்தார். பிறகு அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்தார். ஐயாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவார். மறுநாள் கிணற்றடியில், "இனி நானே கழுவிறன் ஐயா" என்றேன். "ஓம் பிள்ளை" என்று உடனே வாளியைத் தந்துவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. அது எனக்குப் புதினமாக இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நாக்கால் தொட்டுப் பார்ப்பேன். அது கொஞ்சம் நீண்டிருப்பதுபோல இருக்கும். ஷெல் விழும்போது பங்கருக்குள் மற்றப் பிள்ளைகள் அழுவார்கள். எனக்கு அந்தச் சத்தத்தைவிட, வாய்க்குள் சத்தமில்லாமல் வளர்ந்ததுதான் பயம்.

ஒரு மாதத்தின் பின் ஐயா, "இண்டைக்கு உனக்குக் கிளினிக், வெளிக்கிடு" என்று சைக்கிளில் ஏற்றினார். டொக்டர் கிளினிக் துண்டைப் பார்த்துவிட்டு, "கிளினிக் அடுத்த மாசமெல்லே?" என்றார். பிறகு விரலால் தாடையை அழுத்தினார். "இது எப்ப இருந்து?" என் கை வாயை மூடப் போனது.

"இரண்டு மாசமா, டொக்டர்" என்றார் ஐயா.

எனக்கு முன்பே அவருடைய கை கண்டுபிடித்திருந்தது.

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து டொக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டி இல்லை, எலும்பு. எலும்பைச் சுத்தியிருந்த சவ்வை விட்டுட்டுத்தான் வெட்டினனான். சின்னப் பிள்ளையெல்லே, தானா வளர்ந்திருக்கு."

"எலும்போ? வடிவாப் பாத்தனீங்களோ?" என்று மூன்று முறை கேட்ட ஐயா, நோயாளிக் கட்டிலில் இருந்துவிட்டார். "அண்ணை, வருத்தக்காரி அங்கை நிக்கிறா, நீங்கள் ஏன் கட்டிலிலை?" என்று நேர்ஸ் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

இப்போது ஐயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. நான்தான் முகம் கழுவிவிடுகிறேன். போன கிழமை அவருடைய தாடைக்குக் கீழே என் விரலில் ஒன்று தட்டுப்பட்டது. அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. இந்த வயதில் வளர்வது எலும்பாக இருக்காது. இன்று காலை என் கையை மெல்ல விலக்கி, "இனி நானே கழுவிறன் பிள்ளை" என்றார்.

"ஓம் ஐயா" என்று வாளியைக் கொடுத்தேன். பிறகு, நாளைக்கு உங்களுக்குக் கிளினிக் என்றேன். நாளைக்கு அவருக்குக் கிளினிக் ஒன்றும் இல்லை.