பதினாறு மணி நேரம்னு சொன்னாங்க

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாம் கிளாஸோட நின்னது. நடந்ததும் பாதி மறந்து போச்சு. பொறுத்துக்கணும்.

போன வருஷம் எங்க வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன். திருச்சி புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். நாளைக்குக் காலையில செஞ்சாகணும், தள்ளிப்போட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இவரோ, "பொண்ணு முகத்தைப் பார்க்காம உள்ளே போக மாட்டேன்"னு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். எங்களுக்கு ஒரே பொண்ணு, டொரண்டோவில இருக்கா. பிளேன் ஏறிட்டேன்னு அன்னைக்குக் காலையில போன் பண்ணியிருந்தா.

என் தம்பி போனைத் தட்டிப் பார்த்தான். "டொரண்டோவிலேர்ந்து திருச்சி பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பதினாறு மணி நேரம்னு போட்டிருக்குக்கா. ராத்திரியே வந்துடுவா."

அதை அப்படியே இவர்கிட்ட சொன்னேன். "அப்ப சரி"ன்னு எழுந்து ரெண்டு இட்லி சாப்பிட்டார்.

கஞ்சி வைக்க ஸ்ரீரங்கம் வீட்டுக்குப் போய்த் திரும்பறப்ப, பஸ் காவிரிப் பாலத்துமேல நகராம நின்னுது. இந்தப் பாலம் தாண்டவே இவ்வளவு நேரமாகுதே, அவ்வளவு தூரத்துக்குப் பதினாறு மணி போதுமான்னு அப்பத்தான் உறுத்த ஆரம்பிச்சுது. பக்கத்து சீட்டுக்காரர் படிச்சவர் மாதிரி இருந்தார். கேக்க வாய் வரலை. தூக்குச்சட்டி மூடியைத் திறக்கறதும் மூடறதுமா வந்தேன்.

ஆஸ்பத்திரியிலயும் உக்கார முடியலை. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். வானத்துல சத்தம் கேட்டா எட்டிப் பார்த்தேன்.

"இப்ப எங்க இருப்பா?"ன்னு இவர் கேட்டார்.

"வந்துக்கிட்டே இருக்கா."

"வந்துக்கிட்டேன்னா எங்க?"

"மேலதான்."

விளக்கு வைக்கிற நேரம் தாண்டிப் பொண்ணு கூப்பிட்டா. "அம்மா, அபுதாபியில இறங்கியிருக்கேன். திருச்சிக்கு அடுத்த பிளேன் காலையிலதான். அங்க வர மதியம் ஆயிடும்."

தம்பியைக் கேட்டேன். அந்தப் பதினாறு மணி, எங்கேயும் இறங்காம நேராப் பறந்தா ஆகற கணக்காம். "அப்படி நேரா ஒரு பிளேனே கிடையாதுக்கா. நான் கவனிக்கலை. மாமாகிட்ட நீயே சொல்லிடு"ன்னு டீ குடிக்கக் கிளம்பிட்டான்.

கட்டில் பக்கத்துல போய் நின்னேன். நாலு பேர் முன்னாடி நான் இவர் கையைப் பிடிச்சதில்லை. அன்னைக்கு நர்ஸ் நிக்கறப்பவே பிடிச்சேன்.

"பொண்ணு நாளைக்கு மதியம்தான் வருவா. காலையில என் முகத்தைப் பார்த்துட்டுப் போங்க."

"அதைத்தான் தினமும் பார்க்கறேனே."

"நாளைக்கும் பார்த்துட்டு, போயிட்டு வாங்க."

அவர் கையை எடுக்கலை. அப்புறம், "நர்ஸம்மா, காலையில எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?"ன்னு கேட்டார்.

போனார், நல்லபடியா வந்தார். பொண்ணு பெட்டியோட வந்து நின்னப்ப மயக்கத்துல இருந்தார். கண் முழிச்சு, "எப்பம்மா வந்தே?"ன்னார்.

அவ திரும்பிப் போயிட்டா. மறுபடி எப்ப வருவான்னு இவர் கேக்க ஆரம்பிச்சுட்டார். இந்தத் தடவை நான் தப்பாச் சொல்லக் கூடாது. மேல எழுதின கிலோமீட்டர் சரிதானா, நடுவுல காத்துக் கிடக்கற நேரத்தையும் சேர்த்தா மொத்தம் எவ்வளவு ஆகும்னு, தெரிஞ்சவங்க யாராவது பார்த்துச் சொல்லுங்க.