முகம் தேய்ந்த சேனைக்காசு: இலத்தூருக்கு ஒரு நாள்

தேய்ந்த ரோமானியக் காசுகளைப் படித்துப் பெயர் வைப்பது, ஓய்வுபெற்ற பிறகு நான் பழகிக்கொண்ட வேலை. பத்துக்கு நான்கு தவறாகச் சொல்வேன். அதனால் இந்த வலைப்பூவில் 'இருக்கலாம்' என்ற சொல் அதிகம் வரும். அதைப் படித்துவிட்டும் ஒருவர் நம்பி அழைத்தார். ஆலங்குளத்தில் கடை வைத்திருக்கும் முருகையா. இலத்தூரில் தங்கை இருக்கும் பூர்வீக வீட்டில் ஒரு பழைய தங்கக் காசு இருக்கிறது, வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. காசும் பார்க்கலாம், அருவியும் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

மதுரையிலிருந்து செங்கோட்டை செல்லும் காலை ரயில் தென்காசிக்குப் பத்தரைக்குள் சேர்த்துவிடும். ராஜபாளையம் தாண்டியபின் வலப்பக்கம் உட்கார்ந்தால் மலை கூடவே வரும். தென்காசி நிலையத்திலிருந்து இலத்தூர் ஏழெட்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது கேட்டார்கள். எனக்குப் பேரம் பேச வராது. ஓட்டுநர் என் பையைப் பார்த்துவிட்டு, "அருவிக்கு வந்துட்டு இலத்தூர் போற மொத ஆளு நீங்கதான் சார். அங்கன குளம்தான் இருக்கு" என்றார்.

முருகையா எனக்கு முன்பே வந்திருந்தார். தங்கை சண்முகக்கனி அடுப்படியில் இருந்தார். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அடுத்த மாதம் நாள் குறித்திருந்தது. பெஞ்சில் சாய்ந்தபடி என் கருவிகளை வேடிக்கை பார்த்தாள்: பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், சிறு தராசு, கைவிளக்கு.

காசு ஒரு மஞ்சள் துணியில் வந்தது. இயல்பாக இருக்க வேண்டிய எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முகப்பக்கம் வழவழவென்று இருந்தது. கை மாறிக் கை மாறித் தேய்ந்த காசில் மேடான இடங்கள்தான் முதலில் போகும். கன்னம், காதுக்கு மேல் முடி. இதில் பள்ளமும் மேடும் சேர்ந்தே போயிருந்தன. லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் நுண்ணிய கீறல்கள். கழுத்தின் வளைவும், மாலையின் நாடா நுனி போல ஒரு கோடும்தான் மிச்சம். பின்பக்கமோ அதிசயமாகத் தப்பியிருந்தது. நாற்காலியில் ஒரு பெண், ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் கிளை. விளிம்பில், மன்னனின் பட்டப்பெயர் முடியும் எக்ஸ், ஐ, எம் என்ற மூன்று எழுத்துகள்.

இது எப்படி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது என்று கேட்டேன். சண்முகக்கனி சிரித்தார். அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால், சந்தனக்கல்லில் தேன் விட்டு இந்தக் காசை உரைத்து நாக்கில் தொட்டு வைப்பார்களாம். முதல் சேனை அதுதான். காசுக்கே சேனைக்காசு என்றுதான் பெயர்.

"பின்னாடி லட்சுமி உக்காந்திருக்கா சார். அவ மேல கல்லு படலாமா? அதான் அந்த ஆம்பள மூஞ்சியப் போட்டுத் தேய்க்கது."

எனக்கு உண்மையிலேயே சிக்கல். கோலும் கிளையும் ஏந்திய அந்தப் பெண், திபேரியஸ் மன்னனின் காசுகளில் ஏராளமாக வருகிறாள். ஆனால் அவனுக்கு முன்னிருந்த அகஸ்டஸின் கடைசிக் காசுகளிலும் அதே பெண், அதே எழுத்து. பிரித்துச் சொல்ல முகம் வேண்டும். முகத்தைத்தான் அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. திபேரியஸாக இருக்கலாம், உறுதியில்லை, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு என்றேன்.

முருகையா காதில் 'இரண்டாயிரம்' மட்டும் விழுந்தது.

"ஏட்டி, இதையா கல்லுல போட்டு உரைச்சிய?" என்று தங்கையைக் கேட்டார். காசைத் தன் கைக்குட்டையில் சுற்றினார். இனி வங்கி லாக்கரில் இருக்கட்டும் என்றார்.

சண்முகக்கனி மகளைப் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "இந்தப் பிள்ளைக்கு ஒரு தடவ உரைச்சிட்டுக் கொண்டு போங்கண்ணே" என்றார்.

ஒரு தடவை உரைத்தால் எவ்வளவு குறையும் என்று முருகையா என்னைக் கேட்டார். என் வாழ்நாளில் தயங்காமல் சொன்ன பதில்கள் குறைவு. அது அவற்றில் ஒன்று. என் தராசுக்கே தெரியாத அளவுதான் குறையும், தாராளமாக உரைக்கலாம் என்றேன். அவர் நம்பவில்லை.

"நீங்க பாவம் பாத்துச் சொல்லுதிய சார்" என்று காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சந்தேகத்தோடு சொன்னதை உடனே நம்பினார். நிச்சயமாகத் தெரிந்து சொன்னதை இரக்கப் பேச்சு என்று தள்ளிவிட்டார். மறுபடியும் சொன்னேன். என் குரலுக்கு அவ்வளவுதான் பலம். மகள் எழுந்து உள்ளே போனாள்.

சமைத்து வைத்திருந்ததால் சாப்பிடாமல் வர முடியவில்லை. மோர் ஊற்றும்போது சண்முகக்கனி அண்ணன் காதில் விழாதபடி சொன்னார்:

"அது யாரு காசுன்னு தெரியாமலேதான் சார் இந்த வீட்டுல நாங்க அத்தன பேரும் வளந்தோம்."

குனிந்து சாப்பிட்டேன்.

மாலையில் குற்றாலம் போனேன். பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. கயிறு கட்டி, காவலர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். சாரலில் சிறிது நேரம் நின்றுவிட்டு அறைக்குத் திரும்பினேன். சீசனில் குற்றாலத்தில் அறை வாடகை இரட்டிப்பு. தென்காசியிலேயே தங்குவது நல்லது.

இதுபோல் காசு பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும். எடையை இருமுறை பாருங்கள். எவ்வளவு அழுக்காக இருந்தாலும் காசைக் கழுவச் சொல்லாதீர்கள். அழைப்பவரிடம், அந்த வீட்டில் காசை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். நான் விட்டமும் எடையும்தான் கேட்டேன். பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண் இருந்தால், குழந்தை பிறந்து சேனை வைத்த பிறகு போங்கள். காசு அதுவரை காத்திருக்கும். செங்கோட்டை ரயில் தினமும் இருக்கிறது.