எஸ்தரக்கா உடைத்த மூன்று கூடுகள்

செவ்வாய்க்கிழமை காலை உலை பற்றவைக்கும் நேரத்தில் போன் வந்தது. "ஏனுங்க, எஸ்தரக்கா போயிருச்சுங்க" என்றார் மண்ணில் அச்சு செய்யும் மோல்டர் கருப்புசாமி. "சும்மா ஒளறாதே" என்று எரிந்து விழுந்து போனை வைத்தேன். கெட்ட செய்தி சொல்பவர் மேல் பாய்கிற குணம் எனக்கு. நம் இரும்புப் பவுண்டரியில் வேலை பார்த்த, இதைப் படிக்கிற உங்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

வார்த்தெடுத்த ஒவ்வொரு இரும்புச் சாமானையும் சங்கிலியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது எஸ்தரக்காவின் வேலை. கணீரென்றால் பாஸ். சத்தம் செத்திருந்தால் சம்மட்டியால் அங்கேயே நொறுக்கிவிடுவார். சாக்பீஸில் குறி போட்டால் போதாதா என்று ஒருமுறை கத்தினேன். "குறியை அழிச்சுப்போடுவீங்க. ஒடைச்சதை ஒட்ட முடியாதுங்களே" என்றார்.

அவர் கணவர் கிணறு வெட்டுகிறவர். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிணற்றில் ஊற்று பீறிட்டபோது, தண்ணீர் இறைத்த பம்பின் இரும்புக் கூடு வெடித்துவிட்டது. மூன்று பேர் ஏறி வந்தார்கள். அவர் வரவில்லை.

இது தெரிந்தும்தான் நான் அதைச் செய்தேன். மூழ்கும் கப்பல்களை மீட்கப் போகும் கடற்படைக் கப்பலுக்கு எட்டுப் பம்புக் கூடுகள், உதிரியாக. அனுப்பக் கடைசி நாளன்று பார்த்தால் மூன்றில் காற்று அடைபட்ட குழிகள். நாள் தவறினால் அடுத்த ஆர்டர் கிடையாது. எஸ்தரக்காவைச் சாப்பிட அனுப்பிவிட்டு, நானே குழிகளில் புட்டிப் பசையைத் திணித்து, பெயின்ட் அடித்து, லாரியில் ஏற்றினேன்.

தட்டாத சரக்கு லாரியில் நிற்பதைக் கண்டதும் அவர் சுத்தியலும் சம்மட்டியுமாக ஏறிவிட்டார். ஒவ்வொன்றாக நெம்பி நிறுத்தித் தட்டினார். சத்தம் செத்த முதல் கூட்டை மூன்றே அடியில் பிளந்தார். நான் பாய்ந்து ஏறி ஓங்கி அறைந்தேன். லாரியின் இரும்பு விளிம்பில் முகம் மோதி விழுந்தார். உதடு கிழிந்து, ஒரு பல் தெறித்தது. நீங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள்.

எழுந்தார். ரத்தத்தைத் துப்பினார். இரண்டாவதைப் பிளந்தார். மறுபடி கையை ஓங்கினேன்.

"அடிங்க மொதலாளி. ஆனா தண்ணிக்குள்ள மாட்டுனவனுங்க, மேலயே பாத்துட்டு இருப்பானுங்க. பம்பு ஓடுதுன்னு நம்பிட்டு இருப்பானுங்க."

என் கை இறங்கிவிட்டது. மூன்றாவதும் உடைந்தது. காயாத என் புட்டி அவர் சம்மட்டியில் அப்பியிருந்தது.

ஐந்துதான் போயின. அடுத்த ஆர்டர் வரவேயில்லை. ஒரு வருஷம் திண்டாடினோம். அந்த ஆத்திரத்தில் அவரிடம் நேராகப் பேசக்கூட இல்லை. பிறகு பேசினேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. முதலாளி அல்லவா! மறுநாளே வேலைக்கு வந்தவர் கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சவப்பெட்டியில் அந்த உதட்டுத் தழும்பு தெளிவாகத் தெரிந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவர் மகள் சொன்னாள்: "அது லாரிக் கதவு பட்டதுங்க. அம்மா சொல்லிருக்குது."

பொய்யே சொல்லத் தெரியாத மனுஷி எனக்காக ஒரு பொய்யைச் சொல்லிவைத்திருக்கிறார்.

உடைந்த கூட்டில் ஒரு துண்டு என் மேசையில் இருக்கிறது. அதுவும் அந்தப் பொய்யும்தான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். துண்டை வைத்துக்கொள்கிறேன். பொய்யை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அம்மணி, எஸ்தரக்கா மகளே, நீயும் இதைப் படிப்பாய். அது லாரிக் கதவு இல்லை. என் கை.