ஏழாவது முளை

கடுகண்ணாவை மலையில் ரயில் பாதை வெட்டிக்கொண்டிருந்த 1866ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாலம்மாவின் வலது காலில் ஒரு பாறைத்துண்டு விழுந்தது. எலும்பு கூடியது, கால் பழையபடி ஆகவில்லை. மண்கூடையைத் தலையில் ஏற்றினால் நாலு எட்டுக்கு மேல் நடக்க முடியாது. அப்போது அவளுக்கு முப்பது வயதிருக்கும். கோப்பித் தோட்டத்துக்கென்று ராமநாதபுரம் பக்கத்திலிருந்து புருஷனோடு புறப்பட்டவள், மன்னாரிலிருந்து நடந்த காட்டுவழியில் அவனை வாந்திபேதிக்குக் கொடுத்துவிட்டுத் தனியாகக் கண்டிக்கு வந்து சேர்ந்தவள். பன்விலைத் தோட்டத்தில் எட்டு வருஷம் கோப்பிப் பழம் பறித்தாள். பிறகு ரயில் வேலைக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கூட்டத்தோடு கூட்டமாக வந்தாள். திரும்பிப் போக அவளுக்கு ஓர் இடமும் இல்லை.

கங்காணி அழகையாவுக்கு அது தெரியும். அவளை விலக்காமல், அளவைத் துரையிடம் கொண்டுபோய் நிறுத்தினான். அந்தத் துரை சீமையிலிருந்து வந்த இளம் பொறியியலாளர். கண்டிச் சீமையின் கோப்பி மூட்டைகளெல்லாம் அதுவரை மாட்டுவண்டியில்தான் கொழும்புக்குப் போயின. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் சேற்றில் கிடந்தன. இனி அவ்வளவு பாரத்தையும் ரயில் இழுக்கும் என்றார்கள். இழுக்கும், ஆனால் பாதைக்கு மேலே நிற்கும் மலைச்சரிவு மழையில் எவ்வளவு நகர்கிறது, எந்த அளவுக்கு மேல் போனால் சரியும்? அதைக் கண்டுபிடிப்பதுதான் துரையின் ஆராய்ச்சி.

சரிவின் குறுக்கே பன்னிரண்டு மரமுளைகளை ஒரே கோட்டில் அடித்திருந்தார். இரு ஓரத்துப் பாறைகளிலும் இரும்பாணி. காலையில் ஓர் ஆணியிலிருந்து மற்ற ஆணிக்கு நூலை இழுத்துக் கட்டவேண்டும். நகராத முளை நூலுக்கு நேர் கீழே நிற்கும். நகர்ந்த முளை நூலை விட்டு விலகியிருக்கும். அந்த இடைவெளியை அளந்து சொல்வது பாலம்மாவின் வேலை. அவளுக்கு எழுத்தும் தெரியாது, துரையின் அளவுகோலும் புரியாது. ஆகவே இடைவெளிக்குச் சரியாக ஒரு மூங்கில் சிம்பை நறுக்கிக்கொண்டு வருவாள். கிளாக்கர் வீரசிங்கம் அதைக் கோலில் வைத்துப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மலைக்குளிருக்கு எப்போதும் கழுத்தில் துண்டைச் சுற்றியிருப்பார்.

உட்கார்ந்து செய்கிற வேலை என்று மற்றப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். உட்கார அங்கே இடமே கிடையாது. நொண்டும் காலோடு ஏறவேண்டும், பன்னிரண்டு இடத்தில் குனியவேண்டும், அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இறங்கவேண்டும். இறங்கியதும் நாளைக்கும் ஏறவேண்டுமே என்ற நினைப்பு வரும். அந்த நினைப்பு காலைவிட அதிகமாக வலித்தது.

வைகாசி மழை பிடித்து மூன்றாவது வாரத்தில், ஏழாவது முளை அவளுக்கு ஒரு மாதிரியாகத் தெரிந்தது. மற்றவை அசையாதிருக்க, அதன் சிம்பு மட்டும் நாளுக்கு நாள் நீண்டது. அளந்து முடித்த சிம்புகளைக் கிளாக்கர் வெளியே எறிவது வழக்கம். ஏழாவது முளையின் சிம்புகளை மட்டும் அவள் பொறுக்கி, வரிசை மாறாமல் நாரில் கட்டி வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு காலை அந்தச் சிம்பு இரண்டு விரற்கடை நீளம் வந்தது. வீரசிங்கம் அதைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

“நேற்று ஒண்டு, இண்டைக்கு ரெண்டோ? நீ நூலைச் சரியா இழுக்கேல்லை.”

“நூலு சரியாத்தாங்க இருந்துச்சு. முளைதான் கீழ எறங்கிருக்கு.”

அவர் மறுபடி பேனாவை எடுத்து ஒன்றேகால் என்று எழுதினார். எழுதும்போதே வாய்க்குள் சொன்னதால் அது அவளுக்குக் கேட்டது. முந்தின வாரத்துக் கணக்குகளையும் அவர் அப்படித்தான் குறைத்திருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. எண்கள் தாறுமாறாக ஏறினால் துரை கேள்வி கேட்பார், மறுபடி எல்லாவற்றையும் அளக்கச் சொல்வார். வீரசிங்கமும் களைத்துப்போன மனிதர்தான்.

பாலம்மா குடிசைக்குப் போய்ப் படுத்திருக்கலாம். படுக்கத்தான் நினைத்தாள். ஆனால் அந்தச் சரிவுக்குக் கீழே நாற்பது பேர் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். நார்க்கட்டை எடுத்துக்கொண்டு துரையின் கூடாரத்துக்கு நடந்தாள். காய்ச்சலில் கம்பளி போர்த்திக் கிடந்த துரை, இவள் யாரென்று விளங்காமல் பார்த்தார். அவள் ஏழு விரலை விரித்துக் காட்டினாள். பிறகு தரையில் சிம்புகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினாள். ஆரம்பத்தில் நகத்தளவு, கடைசியில் இரண்டு விரற்கடை. துரை எழுந்து உட்கார்ந்தார். புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி ஆளனுப்பினார்.

அன்று மத்தியானமே கீழே வேலை நின்றது. சல்லிக்கல் ஏற்றிய வண்டிகளையும் அப்பக்கம் விடவில்லை. அடுத்த நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும் மலை அப்படியே நின்றது. சும்மா இருந்த ஆட்கள் அவளைத் திட்டினார்கள். ஒரு நொண்டியின் பேச்சைக் கேட்டுப் பாதையையே நிறுத்தினார்கள் என்று அழகையாவும் குறைபட்டான். அவள் யாரோடும் வழக்காடவில்லை. மழையில் ஏறி முளைகளை அளந்துகொண்டிருந்தாள்.

நான்காம் நாள் காலை அவள் கால்வாசி ஏறியபோது மேலே மரங்கள் ஆடின. காற்றில்லை. அவள் பக்கத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டாள். சரிவின் நடுப்பகுதி முழுதும், முளைகளோடும் மரங்களோடும், பெரிய சத்தமில்லாமல் வழிந்து பாதையை மூடியது. கீழே ஒருவரும் இல்லை.

துரை வந்து பார்த்தார். தண்ணீர் எங்கே தேங்கியது, எங்கே வடிகால் வெட்டவேண்டும், சுவர் எவ்வளவு உயரம் என்று அன்றே வரையத் தொடங்கினார். வீரசிங்கம் அவளருகே வந்தார். “புதுசா இருபது முளை அடிக்கச் சொல்லுறார். இன்னும் மேலை” என்றார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். “இன்னைக்கேவா?”

“நாளைக்குத் தொடங்கலாம்.”

மறுவருஷம் ரயில் கண்டிக்கு வந்தது. அந்த இடத்தில் கட்டிய சுவர் அசையவில்லை. துரை வேறு தேசத்துக்கு மாறிப்போனார். போகுமுன் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டனுப்பினார். உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். வீரசிங்கமே அலைந்து பேராதனையில் ஒரு கோப்பிக் களஞ்சியத்தில் கொட்டை பொறுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். வெயில் விழும் பாயில், நூறு பெண்களுக்கு நடுவே, கால்களை நீட்டி உட்கார்ந்தாள். முதல் நாள் கோப்பிக்குள் கை புதைந்தபடியே தூங்கிப்போனாள். மேற்பார்வைக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டும் எழவில்லை.