சம்பந்தி வீட்டு மனு

தாட்சாயினிக்கு ஓரிடத்தில் இருக்க வராது. யாழ்ப்பாண நீதிமன்றத்தில் மூன்றே வருடம் கறுப்புக் கோட்டுப் போட்டவர், மொன்ட்ரியாலுக்கு அகதியாக வந்து ஒன்பது வருடம் தொழிற்சாலையில் சட்டை தைத்தார். நாற்பது வயதில் பிரெஞ்சில் மறுபடி சட்டம் படித்து, வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட வாடகைக் குடும்பங்களுக்காக வழக்காடினார். அந்தக் குடும்பங்களே அவரை மொன்ட்ரியால்-நோர் வட்டாரச் சபைக்கு உறுப்பினராக அனுப்பின.

இன்று கூட்டம் தொடங்க அரை மணி நேரம். அவர் மண்டப வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பழைய மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றை இடித்துக் கட்ட அனுமதி கேட்டிருந்தவர் அதன் சொந்தக்காரர் இரவிச்சந்திரன். அவருடைய மகன் விதுர்சனுக்கும் தாட்சாயினியின் ஒரே மகள் நிருஷாவுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். அந்தக் குடியிருப்பில்தான், தொழிற்சாலையில் தாட்சாயினிக்குப் பக்கத்து மெஷினில் தைத்த வலன்ரைன், படுக்கையில் கிடக்கும் மனைவியோடு இருக்கிறார்.

சபையில் ஐந்து பேர். இருவர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு, ஐந்தாவது தாட்சாயினி. ஆதரிப்பவர்களில் ஒருவர் தலைவர். தாட்சாயினி விலகி வாக்குகள் சமமாக வந்தால் முடிவு தலைவர் கையில்.

இரவிச்சந்திரன் சிரித்துக்கொண்டே வந்தார்.

“சம்பந்தியம்மா, எனக்காகக் கை உயர்த்தச் சொல்லேல்லை. சொந்தக்காரர் விசயம் எண்டு வாக்குப் போடாமல் வெளியில நிண்டால் காணும். சனமும் உங்களை நேர்மையான ஆள் எண்டு சொல்லும்.”

“வலன்ரைன் அண்ணை எங்க போறது?”

“ஆத்துக்கு அங்கால லொங்குய்யில வீடு பாத்துக் குடுப்பன்.”

“படுத்த படுக்கையா இருக்கிற மனுசியையும் தூக்கிக்கொண்டோ?”

“உங்கட மகள் எங்கட வீட்டுக்கு வாறதை முதல் யோசியுங்கோ.” சிரிப்பு அப்படியே இருந்தது.

சபையின் ஆலோசகரிடம் காலையிலேயே கேட்டாயிற்று. சட்டத்தில் சம்பந்தி என்றொரு உறவே இல்லை. இலாபம் ஏதும் இல்லையென்றால் விலகுவதா இல்லையா என்ற தீர்மானம் உங்களுடையது என்றார் அவர். அந்த ஒரு வாசகம் தாட்சாயினியைப் பகல் முழுவதும் உட்கார விடவில்லை. மகளைத் தொலைபேசியில் அழைத்தார்.

“பிள்ளை, நான் என்ன செய்ய?”

“என்னட்டக் கேட்டால் சுயநலமாத்தான் சொல்லுவன் அம்மா. அதால கேக்காதீங்கோ.”

கூட்டத்தில் மனு வந்தது. தாட்சாயினி எழுந்தார். “மனுதாரரின் மகன் என் மகளை மணக்கப்போகிறவர். இதில் எனக்கு இலாபமில்லை, இழப்பிருக்கலாம். ஆகவே விலகவில்லை,” என்று பிரெஞ்சில் சொன்னார். இடிக்கக் கூடாதென்று வாக்களித்தார்.

மனு தோற்றது. இரவிச்சந்திரன் எழும்பி, பக்கத்தில் இருந்த மகனைப் பார்த்தார். “விதுர்சன், வா.”

விதுர்சன் அவரோடு போகவில்லை. பின்வரிசையில், முகத்தைக் கையால் பொத்திக்கொண்டிருந்த வலன்ரைனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

மேசைக்கு அடியில் தாட்சாயினியின் கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.