ஆளில்லாத வீட்டின் அடுப்புப் புகை

ஈரம் காயாத ரப்பர் பால்மர விறகு எரியும்போது ஒரு புளித்த வாடை வரும். கண்ணைக் கரிக்கும், தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும், குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது. ஜொகூரில், கூலாய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து "லயத்தில்" பிறந்து வளர்ந்தவள் நான். எந்தச் சுவருக்கு எந்த நிறம், எந்த மூலையில் எந்த நாற்காலி என்று வசதியானவர்களின் வீட்டுக்குள்ளே சொல்லிப் பிழைக்கிற இந்த வயதிலும், அந்த வாடை எங்கிருந்தாவது வந்துவிட்டால் எழுந்துபோய் சன்னலைச் சாத்திவிடுகிறேன்.

லயம் என்றால் நீளமாக ஒரே கூரை. அதன்கீழ் வரிசையாகப் பலகை அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். இடைச்சுவர் கூரையைத் தொடாது. அதனால் பக்கத்து அறையின் சண்டையும் சமாதானமும் எங்களுக்கும் சொந்தம்தான். எங்களுக்கு அடுத்த அறையில் அம்மாவின் தம்பி வேலு மாமா அத்தையோடு குடியிருந்தார். மரவள்ளிக்கிழங்கு அவித்தால் சுவருக்கு மேலே கையை நீட்டி, "ஏய் குட்டி, வானத்துலேருந்து விழுது, புடி!" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். காலையில் "பெரட்டில்" வேலைக்கு வரிசையாக நிற்பவர்களில் ஒருவரைக் கங்காணி தனியே கூப்பிட்டால் போதும், சில நாளில் அந்தக் குடும்பம் லாரியேறி, கப்பலேறி, நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்துவிடும். லயத்தின் ஆற்றோரக் கோடியிலிருந்து அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி எங்கள் பக்கம் நெருங்கின. காலியான அன்றைக்கே தச்சர் வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போவார். மற்றத் தோட்டங்களில் வேலை போனவர்கள் வந்து புகுந்துவிடக் கூடாதாம். கதவில்லாத அந்த வாசல்களைத் தாண்டித்தான் நான் ஆற்றுக்குப் போக வேண்டும். எந்தப் பக்கமும் பார்க்காமல் ஓடுவேன்.

மாமாவின் அறைக்கு மறுபக்கத்து அறையும் காலியானபோது அம்மா மிரண்டுபோனாள். "அடுப்பு அவிஞ்ச வீடு சும்மா இருக்காது. பக்கத்து வீட்டையும் சேத்துக் காலி பண்ணிடும்" என்றாள். மறுநாள் சாயங்காலம் எங்கள் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை எடுத்துப்போய், அந்த ஆளில்லாத அறையின் அடுப்பை மூட்டினாள். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் ஆளுக்கோர் அறையை எடுத்துக்கொண்டார்கள். சாமிக்கு விளக்கேற்றுகிற சிரத்தையோடு தினமும் மூட்டினார்கள். "இனிமே தம்பிக்கு ஒண்ணும் ஆகாது" என்று அம்மா தெம்பாகச் சொன்னாள், நானும் நம்பினேன். சாயங்காலமானால் லயம் முழுக்கப் புகைந்தது. பாதி அறைகளில் சோறும் இல்லை, ஆளும் இல்லை.

குன்றின்மேல் துரையின் பங்களா இருந்தது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் கூரை முழுதும் தெரியும் என்பதை யாருமே யோசிக்கவில்லை.

ஒருநாள் கங்காணி வந்து வாசலில் நின்றார். "காலி வீட்டுல எல்லாம் பொகை வருதுன்னு தொரை கேக்குறாரு. வெளித்தோட்டத்து ஆளுங்கள ஒளிச்சு வெச்சிருக்கோம்னு நெனைக்கிறாரு. பக்கத்துலயே இருக்குற வேலுவுக்குத் தெரியாம இருக்குமாங்குறாரு. அவன ஊருக்கு அனுப்பச் சொல்லிட்டாரு."

"ஐயோ, அங்க யாருமே இல்லீங்க! நாந்தான் மூட்டுனேன். தொரைகிட்ட சொல்லுங்க!" அம்மா அவர் காலில் விழப் போனாள்.

"ஆளே இல்லாத வீட்டுல எதுக்குத் தீ மூட்டுனாங்கன்னு தொரை கேட்டா, நான் என்னம்மா சொல்றது?"

கங்காணி கெட்டவர் இல்லை. அதைத் துரைக்கு எப்படிச் சொல்வதென்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மாமா அம்மாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஊருக்குப் போனதும் ஆள் மூலமா சேதி சொல்றேங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தையோடு லாரியேறினார். சேதி வரவேயில்லை. லாரியின் தூசி அடங்குவதற்குள் தச்சர் வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மற்றப் பெண்கள் காலி அறைகளின் பக்கமே போகவில்லை. அம்மா மட்டும் கொள்ளிக்கட்டையோடு மாமாவின் வாசலில் நின்றாள். மூட்டினால் புகை வரும், புகை வந்தால் அடுத்து எங்களைத்தான் அனுப்புவார்கள். மூட்டாவிட்டால் தம்பி வீடு அவிந்த வீடு. வெகுநேரம் நின்றவள், கட்டையை மண்ணில் தேய்த்து அணைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அதன்பிறகு எங்கள் அடுப்பையே பயந்து பயந்துதான் எரித்தாள். விறகைச் சுள்ளி சுள்ளியாக ஒடித்து வெயிலில் காயவைத்தாள். கூரையிடுக்கில் ஈரச்சாக்கைத் திணித்து, ஓர் இழை புகை வெளியே போகாமல் சமைத்தாள். இடைச்சுவர்தான் கூரையைத் தொடாதே. எங்கள் புகையெல்லாம் சுவர் தாண்டி மாமாவின் அறைக்குள் போய் நின்றது. நாங்கள் தப்பித்துக்கொண்டோம்.

அந்தத் தோட்டம் இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. லயம் இருந்த இடத்தைத் தேடிப் போய், அடையாளம் தெரியாமல் திரும்பி வந்தேன். ஜொகூர் பாருவில் நான் அலங்கரித்துக் கொடுக்கிற வீடுகளில் சுவர்கள் கூரைவரை எழும்பி நிற்கின்றன. பக்கத்தில் யார் இருந்தார், யார் போனார் என்று யாருக்கும் தெரிவதில்லை. அதைத்தான் நிம்மதி என்கிறார்கள். சமையல் புகை வெளியே தெரியவே கூடாது என்று எல்லாரும் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெயரும் வாங்கியிருக்கிறேன். குடிபுகும் நாளில் பால் பொங்குகிறதா என்று உற்றார் உறவினர் அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். நான் மட்டும் மெல்ல வெளியே வந்து கூரையை அண்ணாந்து பார்ப்பேன். புகை இல்லை என்று நிச்சயமான பிறகுதான் உள்ளே போய், அவர்கள் கொடுக்கும் பாலை வாங்கிக் குடிப்பேன்.